படுக்கை செய்தவர் யார்?

ஏழாம் வகுப்புச் சமூக அறிவியல் பாடநூலில் தமிழகத்துச் சமணம், பௌத்தம், ஆசீவகம் ஆகிய மூன்றையும் பற்றித் தனிப்பாடம் ஒன்று அமைந்துள்ளது. குன்றுகளில் முனிவர்கள் உறைந்ததும், கற்படுக்கைகள் வெட்டப்பட்டதும், சித்தன்னவாசல் ஓவியத்தின் சிறப்பும் பிள்ளைகளுக்குச் சொல்லித்தரப்படுகின்றன. வந்தவாசியிலோ திண்டிவனத்திலோ சென்னையிலோ இருந்து அதனைப் படிக்கும் தமிழ்ச் சமணக் குடும்பத்துப் பிள்ளை ஒன்றைக் கவனிப்பதில்லை. இத்தகைய பாடங்களில் வினைச்சொற்கள் யாவும் இறந்தகாலத்தில் வருகின்றன. சமணம் பரவியது, செல்வாக்குப் பெற்றது, பின்னர்க் குன்றியது. அதே வேளையில் அடுத்த அறையில் பாட்டியார் தண்ணீரைத் துணியில் வடிகட்டிக் குடத்தில் ஊற்றிக்கொண்டிருப்பார். பொழுது சாயுமுன் உண்ண வருமாறு பேரப்பிள்ளைகளை அழைத்துக்கொண்டிருப்பார். நூலில் முடிந்துபோன ஒன்று வீட்டில் நடந்துகொண்டிருக்கிறது. இரண்டும் ஒன்றே என்று வகுப்பில் எவரும் சொல்வதில்லை. வீட்டிலும் பெரும்பாலும் சொல்வதில்லை.

2011ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் வாழும் சமணர் 89,265 பேர். வடநாட்டிலிருந்து வணிகத்தின் பொருட்டு வந்து குடியேறியவர்களையும் சேர்த்த தொகை அது. தமிழைத் தாய்மொழியாகக் கொண்ட நயினார் குடிகள் இத்தொகையில் ஒரு பகுதியினரே. வகுப்பில் ஐம்பது பிள்ளைகள் இருந்தால் தமிழ்ச் சமணப் பிள்ளை தனியாளாகவே அமர்ந்திருக்கும். "நீங்கள் மார்வாடியா?" என்னும் வினாவை அப்பிள்ளை எதிர்கொள்வது வழக்கம். அதற்கு விடை சொல்லத் தன் குடும்பத்தின் பழமை தெரிந்திருக்க வேண்டும். அந்த விடையைத் தேடிப் புறப்படுவதற்குத் தமிழ்நாட்டில் பொருத்தமான இடங்கள் பல உள. அவற்றுள் ஒன்று, சமணத் தலமாக எவரும் எண்ணாத விராலிமலை.

விராலிமலை முருகன் திருத்தலம். ஆறுமுகனும் மயில்களும் குறவஞ்சி நாடகமும் அவ்வூரின் பெருமைகள். திருச்சிராப்பள்ளியிலிருந்து மதுரை செல்லும் நெடுஞ்சாலையில் ஏறத்தாழ முப்பது கிலோமீட்டர் தொலைவில் அம்மலை தோன்றும். வடமாவட்டங்களிலிருந்து மதுரைச் சமணர்மலையைத் தரிசிக்கச் செல்லும் குடும்பங்கள் அம்மலையைக் கடந்தே போகின்றன. பெரும்பாலோர் நின்று பார்ப்பதில்லை. ஆனால் அவ்வூரை நடுவாக வைத்து ஒரு நாள் பயணமாகச் சுற்றிவந்தால், சங்கப் பாடல்கள் தோன்றிய காலம் முதல் சோழர் காலம் வரையிலான சமண வரலாற்றுச் சான்றுகளை மண்ணிலும் பாறையிலும் கண்கூடாகக் காணலாம். பாடநூலில் ஒரு பத்தியாகச் சுருங்கியவை அங்கே கையால் தொட்டுப் பார்க்கும் நிலையில் உள்ளன.

இடையே ஒன்று. விராலிமலையில் சதிராட்ட மரபின் கடைசிக் கண்ணியாகப் போற்றப்படும் முத்துக்கண்ணம்மாளுக்கு 2022ஆம் ஆண்டு பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. தேவரடியார் முறை சட்டத்தால் நீக்கப்பட்டது என்று பாடநூல் ஒரு வரியில் முடித்துவிட்ட வரலாற்றின் பாடலையும் அடவையும் ஒரு குடும்பத்துப் பெண்மணி தம் உடலிலும் குரலிலும் வைத்துக் காத்திருந்தார். நூலில் முற்றுப்புள்ளி விழுந்த பின்னும் குடும்பங்களில் வரலாறு தொடர்வதற்கு அவ்வூரே சான்றாக நிற்கிறது.

கவுந்தி நடந்த வழி

விராலிமலைக்குச் சிறிது தெற்கே அதே நெடுஞ்சாலையை ஒட்டியிருப்பது கொடும்பாளூர். மூவர் கோயிலால் புகழ்பெற்ற அவ்வூர் இருக்குவேளிர் என்னும் குறுநில மன்னர்களின் தலைநகரம். சிலப்பதிகாரத்தில் கோவலனும் கண்ணகியும் உறையூரைக் கடந்து தெற்கே செல்லும்போது எதிர்ப்பட்ட மாங்காட்டு மறையவன், கொடும்பைக் குளக்கரையை அடைந்தால் மதுரைக்குச் செல்லும் வழி மூன்றாகப் பிரியும் என்று கூறுகிறான். அக்கொடும்பையே இக்கொடும்பாளூர் என்பது அறிஞர் துணிபு. அவ்விருவருக்கும் துணையாக உடன் நடந்தவர் கவுந்தியடிகள். அவர் சமணப் பெண் துறவி. காவிரிக்கரையில் இருந்த தம் பள்ளியைவிட்டு, நடக்கப் பழகாத ஓர் இளம்பெண்ணுக்காக வெயிலில் நடந்தவர்.

பத்தாம் வகுப்பில் சிலம்பைப் படிக்கும் பிள்ளை கண்ணகியை அறியும். கவுந்தியை அறிவது அரிது. பேருந்தில் அவ்வழியே செல்லும்போது, "இங்கேதான் கவுந்தியடிகள் வழி கேட்டு நடந்தார்" என்று தந்தை ஒரு சொல் சொன்னால் போதும். காப்பியம் அன்று முதல் வேறாகிவிடும். இலக்கியம் வரலாறாகாது என்று ஆசிரியர்கள் திருத்தக்கூடும், திருத்தட்டும். ஒரு சமணத் துறவியார் உறையூர் வழியே மதுரைக்கு நடப்பது அக்காலத்துக் கேட்போர்க்கு இயல்பான செய்தியாக இருந்தது என்பதேனும் அதனால் உறுதிப்படும்.

கொடும்பாளூர் வேளிர்க்கும் சமணத்துக்கும் இருந்த தொடர்பைக் காட்டும் கல்வெட்டும் இம்மாவட்டத்திலேயே உண்டு. பொன்னமராவதிப் பகுதியிலுள்ள தேனிமலையில் ஆண்டார் மடம் என்று ஊரார் அழைக்கும் இயற்கைக் குகை உள்ளது. மலயத்துவசன் என்னும் முனிவர் அங்கே தவம் செய்வதைக் கண்ட இருக்குவேள், அவரை வணங்கி, அவரது உணவுக்காக நிலம் விட்ட செய்தியை அப்பாறைக் கல்வெட்டு தெரிவிக்கிறது. அந்நிலக்கொடைக்கு அக்கல்வெட்டு வழங்கும் பெயர் பள்ளிச்சந்தம்.

பள்ளிச்சந்தம் என்பதைப் பிள்ளைகள் சோழர் காலப் பாடத்தில் மனப்பாடம் செய்திருப்பார்கள். வேளாண்வகை, பிரமதேயம், தேவதானம், சாலபோகம், பள்ளிச்சந்தம் என்று வரிசையாக ஒப்பிப்பார்கள். சமணப் பள்ளிகளுக்கு வழங்கப்பட்ட நிலம் என்பது ஒரு மதிப்பெண் விடை. பள்ளி என்பது என்ன? படுக்கும் இடம், முனிவர் தங்கும் இடம், அவரிடம் பிள்ளைகள் சென்று எழுத்தும் எண்ணும் கற்ற இடம். இன்று எல்லாச் சமயத்துப் பிள்ளைகளும் பையைத் தூக்கிக்கொண்டு செல்லும் பள்ளிக்கூடத்தின் பெயரில் அந்தக் குகைவாழ்வின் எச்சம் இருக்கிறது. இதனைத் தமிழ்ச் சமணப் பிள்ளை வகுப்பில் எழுந்து சொல்லுமாயின், அதற்குப் பிறகு மார்வாடியா என்னும் வினா எழாது.

ஏழடிப்பட்டம்

விராலிமலையிலிருந்து இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை நோக்கிச் செல்லும் சாலையில் உள்ளது சித்தன்னவாசல். இடைப்பட்ட அன்னவாசலின் பழம்பெயர் அண்ணல்வாயில் என்பது கல்வெட்டால் தெரிகிறது. அண்ணல் என்னும் சொல் அருகனைக் குறிக்கும். சிறு அண்ணல்வாயில் என்பதே சித்தன்னவாசல் என மருவியது என்று கொள்வோரும் உளர். அன்னவாசலில் சமணர் திடல் என்று வழங்கும் இடத்தில் தீர்த்தங்கரர் சிலை இருப்பதும் இதனோடு பொருந்துகிறது. பேருந்து நிறுத்தத்தின் பெயர்ப்பலகையே வரலாற்றுப் பாடத்தின் முதல் வரியாகிவிடுகிறது.

சித்தன்னவாசல் குன்றின் மீதேறி மறுபக்கம் இறங்கினால் ஏழடிப்பட்டம். பாறையில் வெட்டிய படிக்குழிகளில் காலூன்றிச் செல்ல வேண்டும். இன்று கைப்பிடிக் கம்பிகள் உள்ளன, முற்காலத்தில் இல்லை. அங்கே இயற்கையான குகைத்தளத்தில் 17 கற்படுக்கைகள், தலைப்பக்கம் தலையணைபோல் சற்றே உயர்த்தி, வழுவழுப்பாக இழைக்கப்பட்டுள்ளன. அவற்றுள் பெரிய படுக்கையில் தமிழி எழுத்தில் ஒரு கல்வெட்டு உள்ளது. ஐராவதம் மகாதேவன் முதலிய கல்வெட்டறிஞர் அதனைக் கி.மு. முதல் நூற்றாண்டினது என்பர். வேறு சில படுக்கைகளின் அருகே பிற்காலத்தில், கி.பி. ஏழாம் நூற்றாண்டு முதற்கொண்டு, வட்டெழுத்தும் தமிழும் கலந்த காலத்து முனிவர் பெயர்கள் பொறிக்கப்பட்டன. தொழக்குன்றத்துக் கடவுளன், திருநீலன், திருப்பூரணன், திட்டைச்சரணன், பூரணசந்திரன், திருச்சாத்தன் என்பன அப்பெயர்கள். முதற் கல்வெட்டுக்கும் இப்பெயர்களுக்கும் இடையே எழுநூறு ஆண்டுகளுக்கும் மேற்பட்ட இடைவெளி. அவ்வளவு காலமும் அக்குகை தவத்திற்குரிய இடமென்னும் நினைவு அழியாமல் இருந்திருக்கிறது.

இங்கேதான் பெற்றோர் ஒரு பிழையைச் செய்கின்றனர். "இவர்கள் நம் முன்னோர்" என்று அப்பெயர்களைக் காட்டிப் பிள்ளைகளிடம் சொல்கின்றனர். அன்பின் மிகுதியால் சொல்லும் சொல் அது, எனினும் கூர்மையான பிள்ளை கேட்கும்: "முனிவர்களுக்குப் பிள்ளைகள் உண்டா?" இல்லை. துறவு பூண்டவர் குடும்பம் நீத்தவர். கடவுளனுக்கும் திருநீலனுக்கும் வழித்தோன்றல்கள் இருக்க இயலாது. அவர்கள் ஞான முன்னோர். குருதி முன்னோர் ஆகார்.

குருதி முன்னோரைக் காண அதே கல்வெட்டை மறுமுறை படிக்க வேண்டும். பெரிய படுக்கையின் கல்வெட்டு இரண்டு பேரைப் பற்றிப் பேசுகிறது. எருமிநாட்டில் பிறந்த துறவி ஒருவர். அவருக்காக அதிட்டானம், அதாவது இருக்கை, செய்து கொடுத்த இளையர். எருமிநாடு என்பதை இன்றைய மைசூர்ப் பகுதி என்று ஆய்வாளர் கொள்வர். ஆகவே வந்தவர் வெளிநாட்டார். கல்லை இழைத்துக் கொடுத்தவர் இவ்வட்டாரத்து இல்லறத்தார். இளையர் என்பதை ஒருவரின் பெயராகவும் கொள்ளலாம். இளைஞர் பலர் எனவும் கொள்ளலாம். எவ்வாறாயினும் அவர்கள் வீடும் வயலும் மனைவி மக்களும் உடையவர்கள். மழைக்காலத்தில் நான்கு திங்கள் ஒரே இடத்தில் தங்கும் முனிவருக்குக் கல் படுக்கையும் ஒருவேளைச் சோறும் கொடுத்தவர்கள். சமண மரபில் அவர்களுக்குச் சிராவகர் என்று பெயர். தமிழ்ச் சமணக் குடும்பம் ஒவ்வொன்றும் இன்றுவரை செய்துவருவது அந்தச் சிராவகர் கடமைதான். ஊருக்கு முனிவர் வந்தால் வாசலில் கோலமிட்டு, குடத்தோடு நின்று, எதிர்கொண்டு அழைத்து உணவளிக்கும் காட்சியை வடமாவட்டத்துச் சமணச் சிற்றூர்களில் பிள்ளைகள் நேரில் கண்டிருப்பார்கள். ஏழடிப்பட்டத்தில் அவர்கள் தேட வேண்டியது படுத்தவரின் பெயரைக்காட்டிலும் படுக்கை செய்தவரின் பெயரை.

இவ்வாறு நோக்கத் தொடங்கினால் கல்வெட்டுகள் எங்கணும் இல்லறத்தார் தென்படுவர். இதே மாவட்டத்துக் குளத்தூர் வட்டாரத்துச் செட்டிப்பட்டியில், சமணர் குண்டு என்று வழங்கும் இடிபாடுகளின் கல்வெட்டு ஐந்நூற்றுவப் பெரும்பள்ளி என்று ஒரு பள்ளியைச் சுட்டுகிறது. ஐந்நூற்றுவர் என்பது கடல் கடந்தும் வாணிகம் செய்த வணிகக் குழு. போளூரை அடுத்த திருமலையில், இராசராசனின் தமக்கையார் பெயரால் அமைந்த குந்தவை ஜினாலயத்துக்கு முதலாம் இராசேந்திரன் காலத்தில் விளக்கும் திருவமுதும் வைத்தவர் சாமுண்டப்பை என்னும் பெண்மணி. நன்னப்பையன் என்னும் வணிகரின் மனைவி. அரசர் பெயரைப் பாடநூல் சொல்லும். சாமுண்டப்பை பெயரை வீட்டார்தாம் சொல்ல வேண்டும்.

குன்றின் மேற்குச் சரிவிலுள்ள அறிவர் கோயிலிலும் இல்லறத்தாரே வரைபொருளாகியுள்ளனர். முன்மண்டப விதானத்தில் தாமரைக் குளம் ஒன்று தீட்டப்பட்டுள்ளது. மீனும் அன்னமும் யானையும் எருமையும் அதில் திளைக்கின்றன. நடுவே மூவர் தாமரை பறிக்கின்றனர். தீர்த்தங்கரரின் சமவசரணத்துக்குள் நுழையும் முன் பவ்வியர், அஃதாவது வீடுபேற்றுக்குத் தகுதியுடைய இறையன்பர், குளத்தில் இறங்கிப் பூக்கொய்யும் காட்சி அது என்று டி.என். இராமச்சந்திரன் விளக்கினார். சுண்ணாம்பு, கரி, காவிமண், பச்சைமண் என எளிய பொருள்களால் ஆன வண்ணங்கள் அவை. காலத்தாலும் மனிதக் கையாலும் மிகச் சிதைந்துள்ளன. பாடநூல் அச்சில் காணும் பொலிவை எதிர்பார்த்துச் செல்லும் பிள்ளைகள் முதலில் ஏமாறுவர். சற்று நேரம் அண்ணாந்து நின்று கண் பழகினால் ஒவ்வொன்றாய்த் தெரியும். உள்ளறையில் மெல்ல ஒலியெழுப்பினால் சுவர்கள் அதனைத் திருப்பி முழங்கும்; அந்த விளையாட்டுக்காகவே பிள்ளைகள் மறுமுறை வர விரும்புவர்.

அக்கோயிலின் முகப்பை அடுத்த பாறையில் உள்ள ஒன்பதாம் நூற்றாண்டுக் கல்வெட்டு, பாடநூலோடு நேருக்கு நேர் நின்று பேசக்கூடியது. அவனிபசேகரன் என்னும் சீவல்லப பாண்டியன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் என்பவர் உள்மண்டபத்தைப் புதுக்கி, முன்னே கல்லால் ஒரு மண்டபமும் எடுத்தார் என்பது அதன் செய்தி. ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனின் ஆட்சிக்காலம் கி.பி. 815 முதல் 862 வரை. திருஞானசம்பந்தர் மதுரையில் சமணரை வாதில் வென்றதாகவும், எண்ணாயிரவர் கழுவேறியதாகவும் புராணம் கூறும் காலம் ஏழாம் நூற்றாண்டு. அதற்கு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்குப் பின், அதே மதுரையைச் சேர்ந்த ஒரு சமண ஆசிரியர், பாண்டியன் ஒருவனின் ஆட்சியில், வெளிப்படையாகத் திருப்பணி செய்து தம் பெயரைப் பாறையில் பொறித்துச் செல்கிறார்.

கழுவேற்றக் கதையைப் பள்ளியிலோ தொலைக்காட்சியிலோ முதன்முறை கேட்ட பிள்ளை வீட்டிற்கு வந்து வினவும்போது பல பெற்றோர் பேச்சை மாற்றிவிடுகின்றனர். சிலர் சினந்து பேசுகின்றனர். இரண்டும் பிள்ளைக்கு உதவா. சமயப் பூசல் நிகழ்ந்தது உண்மை. அரசர் ஆதரவு ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் சாய்ந்ததும் உண்மை. கழுவேற்றம் பற்றி அக்காலக் கல்வெட்டுச் சான்று கிடைத்திலது என்பதும், புராணம் நிகழ்ச்சிக்குப் பல நூற்றாண்டுகள் பின்னர் எழுந்தது என்பதும் அவ்வாறே உண்மை. இளங்கௌதமனின் கல்வெட்டைக் காட்டி இதனைச் சொன்னால், பதினொரு வயதுப் பிள்ளை விளங்கிக்கொள்ளும். எந்தச் செய்தி எந்தக் காலத்துச் சான்றிலிருந்து வருகிறது என்று கேட்கும் பழக்கமும் அன்றே தொடங்கும்.

அக்கோயிலைப் பற்றி முதலில் எழுதியவர்களுள் ஒருவர் எஸ். இராதாகிருஷ்ண ஐயர் என்பதும் குறிப்பிடத்தக்கது. அவர் புதுக்கோட்டையில் கல்லூரி ஆசிரியராக இருந்தவர். 1916இல் புதுக்கோட்டைத் தனியரசின் பொதுவரலாற்றை வெளியிட்டார். சமஸ்தானத்துக் கல்வெட்டுகளின் மூலபாடம் 1929இல் அச்சாயிற்று. மயிலை சீனி. வேங்கடசாமி 1954இல் வெளியிட்ட 'சமணமும் தமிழும்' நூல் சமண ஊர்களை ஊர்வாரியாகத் தொகுத்தது. இவர்களுள் எவரும் சமணர் அல்லர். அவர்கள் எழுதி வைத்திராவிடில் தமிழ்ச் சமணர் தம் பழமையில் பெரும்பகுதியை அறிந்திருக்க வழியில்லை.

செஞ்சிக் கதை

புதுக்கோட்டைக் குன்றுகளில் கல் இருக்கிறது, குடி இல்லை. வந்தவாசி, ஆரணி, செய்யாறு, செஞ்சி, திண்டிவனம் வட்டாரங்களில் குடி இருக்கிறது. அங்கே மேல்சித்தாமூர் மடமும் திருப்பருத்திக்குன்றமும் திருமலையும் வாழும் தலங்களாக விளங்குகின்றன. அண்ணல்வாயிலில் படுக்கை செய்த இளையரின் வழியினர் என்ன ஆனார்கள்? விடைக்கு ஒரு சாயல் வடமாவட்டத்துக் குடும்பங்களின் வாய்மொழிக் கதையில் உண்டு.

இம்மலரைப் படிக்கும் குடும்பங்களில் முதியோர் அனைவரும் அறிந்த கதை அது. செஞ்சியை ஆண்ட வேங்கடபதி நாயக்கன் சமணரிடம் பெண் கேட்டான், மறுக்கப்பட்டான், சினந்து சமணரைக் கொல்லத் தலைப்பட்டான். பலர் திருநீறு பூசிச் சைவராய் உயிர் பிழைத்தனர். திண்டிவனத்தை அடுத்த வேலூரில் குளக்கரையில் சமண நெறிப்படி ஒழுகிய ஒருவர் பிடிபட்டு, நாயக்கனுக்கு மகவு பிறந்த மகிழ்ச்சியால் விடுவிக்கப்பட்டு, துறவு பூண்டு சிரவணபெளகுளம் சென்றார், அவரே வீரசேனாசாரியார். தாயனூர்க் காங்கேய உடையார் உடையார்பாளையத்தில் அடைக்கலம் பெற்றுப் பின்னர் அவரை அழைத்துவந்தார். திருநீறு பூசியோருள் பலர் மீண்டும் தம் நெறிக்குத் திரும்பினர். 1906இல் வெளியான தென்னார்க்காடு மாவட்ட விவரச்சுவடியிலும் இக்கதை இடம்பெற்றது.

கதை சொல்லும் ஆண்டு 1478. செஞ்சியில் நாயக்கர் அரசு நிலைபெற்றதோ பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் என்பது வரலாற்றாசிரியர் கொள்கை. ஆண்டு இடிக்கிறது. அதனால் கதை முழுதும் பொய்யென்று தள்ளிவிட வேண்டுவதில்லை; விசயநகரத்தின் சார்பாகச் செஞ்சியில் இருந்த அதிகாரி ஒருவரின் கொடுமை பின்னாளில் நாயக்கர் பெயரோடு ஒட்டியிருக்கலாம். பாட்டியார் சொன்னதைப் பிள்ளை அப்படியே எழுதிக்கொள்ளட்டும். பக்கத்திலேயே பாடநூல் தரும் ஆண்டையும் எழுதட்டும். இரண்டையும் ஒரே தாளில் வைத்துப் பார்ப்பதே வரலாற்றுப் பயிற்சி.

அக்கதையில் பிள்ளைகள் கவனிக்காமல் விடும் ஒரு பகுதி உண்டு. திருநீறு பூசியவர்களுள் எல்லோரும் திரும்பிவிடவில்லை. நீறுபூசி வேளாளர், நீறுபூசி நயினார் என்னும் பெயர்கள் அத்திரும்பாதவர்களைக் குறிக்க வழங்கின. செஞ்சியில் நிகழ்ந்தது போன்றே, வாளின்றியும் அச்சமின்றியும்கூட, தமிழகமெங்கும் மெல்ல மெல்ல நிகழ்ந்திருக்கும். அண்ணல்வாயிலின் சிராவகர் வீட்டோடு ஊரைவிட்டு ஓடிப்போயினர் என்பதற்குச் சான்று இல்லை. அவர்களுள் பலர் அவ்வூர்களிலேயே தங்கி, காலப்போக்கில் சிவனையும் முருகனையும் வழிபடுவோர் ஆகியிருத்தல் இயல்பு. தமிழகத்தின் பல ஊர்களில் தீர்த்தங்கரர் சிலையை மொட்டைப் பிள்ளையார் என்று பெயர் சூட்டி எண்ணெயிட்டு விளக்கேற்றும் மக்கள் உள்ளனர். விராலிமலைப் படிகளில் காவடி எடுத்து ஏறும் கூட்டத்தில் ஏழடிப்பட்டத்துக் கொடையாளியின் வழித்தோன்றல் ஒருவர் இல்லையென்று எவரால் சொல்ல முடியும்? அன்னவாசல் அரசுப் பள்ளியில் அதே பாடத்தைப் படிக்கும் பிள்ளைக்கும் அப்படுக்கையில் உரிமை உண்டு. தமிழ்ச் சமணப் பிள்ளையின் உரிமையை இது குறைப்பதன்று. படுக்கை செய்தவரின் குருதி எங்கெங்கோ பரவியிருக்கலாம். அவர் செய்த செயலை விடாமல் செய்துவருவோர் சிலரே.

வீட்டில் இருப்பது ஏட்டில் தொலைந்தவிடத்து உதவிய நிகழ்ச்சி ஒன்று தமிழறிஞர் யாவரும் அறிந்தது. கும்பகோணம் கல்லூரியில் ஆசிரியராயிருந்த உ.வே. சாமிநாதையர், 1880இல் சேலம் இராமசாமி முதலியாரின் தூண்டுதலால் சீவக சிந்தாமணியைப் படிக்கத் தொடங்கியபோது, நச்சினார்க்கினியர் உரையிருந்தும் சமணக் கோட்பாட்டுச் சொற்கள் விளங்காமல் தடுமாறினார். அவ்வூரிலேயே வாழ்ந்த சமணக் குடும்பங்களை நாடிச் சென்று ஐயம் தெளிந்தார். அக்குடும்பங்களில் சிந்தாமணி வழிவழியாகப் பாராயணம் செய்யப்பட்டுவந்தது. படித்து முடிந்த நாளை விழாவாகக் கொண்டாடும் வழக்கமும் இருந்ததை அவர் தம் வரலாற்றில் பதிந்துள்ளார். 1887இல் சிந்தாமணி அச்சேறியது. கல்லூரி நூலகம் தராத விடையைக் கூடத்தில் அமர்ந்து படித்த வணிகர்கள் தந்தனர். அவர்கள் பட்டம் பெற்றவர் அல்லர்.

இன்றைய வீடுகளில் சிந்தாமணி பாராயணம் அருகிவிட்டது. எனினும் கேட்டால் சொல்லக்கூடியவை மிகுதியாக உள்ளன. தாத்தாவின் தாத்தா பெயர் என்ன, எவ்வூரிலிருந்து பெண் எடுத்தார்கள், எந்த ஜினாலயத்துக்கு எந்த வயலின் நெல் சென்றது, தீபாவளியன்று விடியலில் மகாவீரர் வீடுபேற்றை நினைந்து சொல்லும் துதி எது, பாட்டியார் எந்தத் திதியில் நோன்பிருப்பார் என்பவற்றைப் பிள்ளை ஒரு கோடை விடுமுறையில் கேட்டு எழுதிவிடலாம். பழைய திருமண அழைப்பிதழ்களில் மூன்று தலைமுறைப் பெயர்களும் ஊர்களும் அச்சிட்டபடியே கிடக்கின்றன. நிலப்பத்திரங்களில் நாற்பக்க எல்லை சொல்லுமிடத்தில் "பள்ளி நிலம்" என்றோ "நயினார் கோயில் மானியம்" என்றோ ஒரு சொல் இருக்கக்கூடும். ஓலைச்சுவடி வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உள. அவற்றைத் துடைப்பதற்கு ஈரத்துணியைப் பயன்படுத்தாமலிருந்தாலே பெரும் உதவி. பெண்வழி முன்னோரின் பெயரையும் விடாமல் கேட்க வேண்டும். வந்தவாசியை அடுத்த வேடலில் கனகவீரக் குரத்தியாரும் அவருடைய மாணவியரும் இருந்ததை ஆதித்த சோழன் காலக் கல்வெட்டு கூறுகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முன் ஆசிரியையின் பெயரைக் கல்லில் எழுதிய மரபினர், கொள்ளுப்பாட்டியின் பெயர் தெரியாமல் நிற்பது பொருந்தாது.

எழுதும்போது இல்லாத தொடர்பை ஒட்டவைக்கும் ஆசை வரும். ஐந்து தலைமுறைக்கு மேல் பெயர் கிடைக்காவிடில் அங்கேயே கோடு போட்டு நிறுத்திவிடுவது நன்று. அதற்கப்பால் ஊரின் வரலாறு, பிறகு நாட்டின் வரலாறு என்று விரித்துக்கொள்ளலாம். திருப்பருத்திக்குன்றத்தில் 1387இல் இருகப்பர் சங்கீத மண்டபம் எடுத்தது, திருமலையில் சாமுண்டப்பை விளக்கு வைத்தது, சித்தன்னவாசலில் இளங்கௌதமன் மண்டபம் புதுக்கியது என்று படிப்படியாகப் பின்னோக்கிச் சென்றால், ஏழடிப்பட்டத்து இளையர் கையிலிருந்த உளி வரை பிள்ளை வந்து சேரும்.

பயணம் செல்வோர்க்குச் சில சொற்கள். சித்தன்னவாசல் இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ளது. பாறை நண்பகலில் அனலாகக் கொதிக்கும். ஏழடிப்பட்டத்தைக் காலையிலேயே முடித்துக்கொண்டு அறிவர் கோயிலுக்கு வருவது முதியோர்க்கும் சிறியோர்க்கும் ஏற்றது. புதுக்கோட்டைத் திருக்கோகர்ணத்தில் 1910இல் தொடங்கப்பட்ட அரசு அருங்காட்சியகத்தில் இவ்வட்டாரத்துச் சமணச் சிற்பங்கள் உள்ளன. அதனையும் கண்டு திரும்பினால், பொழுது சாயுமுன் விராலிமலை வந்து உணவை முடித்துக்கொள்ளலாம். அந்நேரத்தில் மயில்கள் அடைவதற்காக மலைமேல் ஏறிக்கொண்டிருக்கும்.

அறக்கட்டளைகளும் ஊர்ப் பெரியோரும் செய்யத்தக்க செயல் ஒன்று எஞ்சியுள்ளது. கோயில் திருப்பணியின்போது பழைய கற்பலகைகளைக் கவிழ்த்துத் தரையில் பதிப்பதும், கொடையாளர் பெயர்களின்மேல் வண்ணம் பூசுவதும், புதிய பளிங்குப் பலகை வந்ததும் பழையதை மதிலோரம் சாய்த்துவிடுவதும் தமிழகக் கோயில்களில் பரவலாக நிகழ்பவை. ஜினாலயங்களும் இதற்கு விலக்கல்ல. விளக்குக்கு எண்ணெய் கொடுத்தவர், மண்டபத்துக்குத் தூண் கொடுத்தவர், மணி வாங்கிக் கொடுத்தவர் ஆகியோர் பெயர்களும் ஊர்களும் ஆண்டும் அப்பலகைகளில் உள்ளன. அடுத்த திருப்பணிக்கு முன்பாக அவ்வூர்ப் பிள்ளைகளைக் கொண்டே அவற்றைப் படியெடுத்து, நிழற்படமும் எடுத்து, ஒரு படியைக் கோயிலிலும் மற்றொன்றை மேல்சித்தாமூர் மடத்திலும் வைக்கலாம். எழுத்து மங்கிய பலகைகளை முதலில் எடுத்துக்கொள்வது நலம்.